புயல் அடித்த காட்டில் பூச்சிக் கணக்கு: சென்னைச் சுற்றுவட்டாரத்துக்கான கள அனுபவம்

புயல் கரையைக் கடந்த மறு வாரமே இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். "பூச்சியெல்லாம் போச்சு, ஒரு பட்டாம்பூச்சிகூடக் கண்ணில் படலை" என்பார் ஒருவர். "லைட்டைப் போட்டா போதும், அப்படி மொய்க்குது" என்பார் இன்னொருவர். இருவரும் ஒரே வளாகத்துக்காரர்களாகவே இருப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் பூச்சியின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. காடு எவ்வளவு திறந்துவிட்டது, பூச்சி எந்த உயரத்துக்கு இறங்கி வந்திருக்கிறது, விளக்கு எத்தனை தூரத்துக்குத் தெரிகிறது என்பதைத்தான் சொல்கின்றன. புயலுக்குப் பின் பூச்சி பார்க்கப் போகிறவர்கள் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், எத்தனை மாதம் உழைத்தாலும் கையில் கிடைப்பது தப்புக் கணக்குதான்.

முதலில், எந்தப் புயல் என்று கேட்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையை ஒட்டிக் கரை கடந்த வர்தா, காற்றுப் புயல். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்று ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. நின்ற மரங்களும் மொட்டையாகின. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் சென்னையில் கரை கடக்கவே இல்லை. ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்க் கடந்தது. ஆனால் 3, 4 தேதிகளில் இங்கே கொட்டிய மழையில் தாழ்வான இடமெல்லாம் முழுகியது. நமக்கு இரண்டும் புயல்தான். பூச்சிகளுக்கு அப்படி இல்லை. காற்றுப் புயல் மேலிருந்து வேலை செய்கிறது: கூரை, அதாவது மரங்களின் கிளையும் இலையும் சேர்ந்து மேலே போட்ட பந்தல், திறக்கும், வெயில் இறங்கும், மரம் விழும். மழைப் புயல் கீழிருந்து வேலை செய்கிறது: மண்ணுக்குள் இருப்பவை மூழ்கும், வெட்டவெளிப் புற்றுகள் கரையும், கூரை அப்படியே இருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு 'புயலின் தாக்கம்' என்று தலைப்புக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து எதுவும் தெரியாது.

இங்குள்ள இயற்கைக் காடு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. கிண்டி தேசியப் பூங்காவின் சுமார் 270 ஹெக்டேர், அதை ஒட்டிய ஐஐடி வளாகம், நன்மங்கலம், தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகம் என்று துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. வீரை, பாலை, காயா, குருந்து போன்ற குட்டையான, கெட்டியான மரங்கள் இந்தக் காட்டுக்குச் சொந்தம். வர்தாவில் பெருமளவு சாய்ந்தவை தூங்குமூஞ்சி, குல்மோகர், இயல்வாகை போன்று வெளியிலிருந்து வந்து சாலையோரமும் வளாகமும் நட்ட, பரந்து வளர்கிற மரங்கள். அதனால் ஒரே வளாகத்துக்குள்ளேயே வேலி ஓரத்தில் பெரிய இடைவெளிகளும், உள்ளே இலை மட்டும் உதிர்ந்த புதர்க்காடும் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். ஆய்வு செய்கிறவருக்கு இது வசதி. திறந்த இடம், மூடிய இடம் இரண்டையும் ஒரே நாளில், ஒரே வானிலையில் ஒப்பிடலாம்.

'புயலுக்கு முன், புயலுக்குப் பின்' என்று மட்டும் ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். நம்முடைய பெரிய புயல்கள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகின்றன. அக்டோபர், நவம்பரில் மழை ஈரத்தில் பூச்சிகள் பெருகியிருக்கும். மார்கழிக் குளிரில் தானாகவே அடங்கும். எருக்குக் குடும்பச் செடிகளை நம்பி வாழும் வரியன், கருப்பன் வகைப் பட்டாம்பூச்சிகள் மழைக்கு முன்பே மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வலசை போய்விடும். நவம்பரில் எடுத்த கணக்கையும் ஜனவரியில் எடுத்த கணக்கையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தைப் புயல் தலையில் கட்டுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. முந்தைய ஆண்டுகளின் அதே மாதக் கணக்கு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் திறந்த இடம் ஐந்து, கூரை மூடிய இடம் ஐந்து என்று பிரித்து, ஒரே நேரத்தில் எடுங்கள்.

கூரை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கண்ணளவில் எழுதாதீர்கள். போனைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மல்லாக்கப் பிடித்து ஒரு படம் எடுத்தால் போதும். காலை 7 மணிக்கு முன்போ மேகமூட்டத்திலோ எடுக்க வேண்டும். வெயிலில் எடுத்தால் இலை விளிம்பு வெளுத்துப்போய் கூரை இருப்பதைவிடத் திறந்ததாகக் காட்டும். ஒவ்வொரு மாதமும் அதே புள்ளி, அதே போன். புள்ளியில் ஒரு பிவிசி குழாயை அடித்து வைத்துவிடுங்கள். கல் வைத்து அடையாளம் செய்தால் யாராவது எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

முதல் வாரத்தில் பார்க்க வேண்டியவை முசுறும் தேனீயும். முசுறு எறும்பின் ஒரு குடும்பம் பல மரங்களில், பல இலைக்கூடுகளில் பரவியிருக்கும். கிளையும் கிளையும் தொடுகிற இடங்கள்தான் அவற்றுக்குப் பாலம். காற்றில் அந்தப் பாலம் அறுந்தால் தரையில் இறங்கி நடக்க வேண்டிவரும்; அங்கே வேறு எறும்புகளோடு சண்டை. விழுந்த கிளையில் இருக்கும் கூட்டின் இலை ஓரிரு நாளில் காய்ந்து விரியத் தொடங்கும். வேலைக்காரிகள் வெள்ளைப் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு பச்சை இலை தேடி ஏறுவதை அப்போது பார்க்கலாம். அந்தப் புழு சுரக்கும் பட்டு நூல்தான் புதிய கூட்டைத் தைக்கும் நூல். ராணி இருந்த கூடு விழுந்து ராணி செத்திருந்தால் அது உடனே தெரியாது. வேலைக்காரிகள் சில மாதங்கள் வழக்கம்போலத் திரிவார்கள், பிறகு கூடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். ஆகவே புயல் முடிந்த கையோடு "முசுறு தப்பித்துவிட்டது" என்று எழுத வேண்டாம். கூடு உள்ள மரங்களுக்கு எண் போட்டு மாதம் ஒரு முறை எண்ணுங்கள்.

பொந்துத் தேனீ இருந்த மரம் சாய்ந்தால், ரம்பக்காரர் வருவதற்கு முன் நீங்கள் போய்விட வேண்டும். அடை செங்குத்தாகத் தொங்கும்படி கட்டியது. மரம் படுத்துவிட்டால் அடை மடங்கி, தேன் ஒழுகி, எறும்பு ஏறிவிடும். பொந்து இருக்கும் பகுதிக்கு இருபக்கமும் அரை மீட்டர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அந்தி சாய்ந்து தேனீக்கள் எல்லாம் அடங்கிய பின் வாயைக் கொசுவலைத் துணியால் கட்டி, துண்டை முன்பு நின்ற வாக்கிலேயே நிமிர்த்தி, வாய் அதே திசையைப் பார்க்கும்படி அதே இடத்துக்கு அருகிலேயே வைக்க வேண்டும். மறுநாள் விடியுமுன் துணியை அவிழ்க்கலாம். நூறு, இருநூறு மீட்டர் தள்ளி வைத்தால் வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பிப்போய்த் தவிக்கும். தேனீயோடு பழக்கமில்லாதவர்கள் இதில் கைவைக்க வேண்டாம். தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள். மலைத்தேனீ விஷயத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. மரத்தில் கட்டியிருந்த கூட்டம் இடம் போனால் மாடிக் கட்டடத்தின் சன்ஷேடுக்கு வரும். மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுவதற்குள் வளாக அலுவலகத்தில் பேசி, அந்த வழியை மட்டும் கயிறு கட்டி மூடச் சொல்லலாம்.

அடுத்து இலைச்சருகு. புயல் உதிர்ப்பது பழுத்த இலையை அல்ல, பச்சை இலையை. மரம் தானாக உதிர்க்கும்போது இலையிலிருக்கும் சத்தில் ஒரு பங்கை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகே உதிர்க்கும். புயல் அதற்கு அவகாசம் தருவதில்லை. ஆகவே தரையில் விழுவது தழைச்சத்து நிறைந்த, சீக்கிரம் மக்கும் சருகு. இதை வைத்துத் தரைப் பூச்சிகளுக்கு விருந்து என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மேலே கூரை இல்லை. வெயில் நேராக விழுந்து சருகின் மேல்தட்டு காய்ந்துபோகிறது. ஸ்பிரிங்டெயில் என்ற சிற்றுயிர் போன்ற மென்மையான உடம்புக்காரர்களுக்குச் சத்தைவிட ஈரம் முக்கியம். பியூர்ட்டோ ரிக்கோவின் லுகியோ காட்டில் இதைப் பிரித்தறிய ஒரு சோதனையே நடத்தினார்கள். சில இடங்களில் கூரையை மட்டும் வெட்டித் திறந்தார்கள், சில இடங்களில் கூரையைத் தொடாமல் இலையும் கிளையும் மட்டும் கொட்டினார்கள், சிலவற்றில் இரண்டையும் செய்தார்கள். சருகுவாழ் சிற்றுயிர்களை அதிகம் பாதித்தது கூரை திறந்ததுதான். கொட்டிக் கிடந்த சருகு அந்தப் பாதிப்பை ஓரளவு தணித்தது. சென்னைக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. கூரை திறந்த இடத்தில் சருகையும் கூட்டி அள்ளிவிட்டால், புயல் பாதி செய்த வேலையை நாம் முழுதாக முடிக்கிறோம்.

சருகு மாதிரி எடுக்க 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் சட்டம் ஒன்று போதும். சட்டத்துக்குள் இருப்பதை மண் தெரியும் வரை அள்ளி, ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் உலுக்கி, கீழே விழுந்ததைத் துணிப்பையில் கட்டுங்கள். அதை புனலில் போட்டு, மேலே 25 அல்லது 40 வாட் குண்டு பல்பு. கீழே 70 சதவீத ஆல்கஹால் வைத்த டப்பா. சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பயந்து பூச்சிகள் கீழே இறங்கி விழும். எல்இடி பல்பு போட்டால் சூடு வராது, ஒன்றும் இறங்காது. நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். புயல் முடிந்த உடனே எடுத்த சருகு சொதசொதவென்று இருக்கும். அப்படியே பல்பின் கீழ் வைத்தால் புனல் சுவரில் நீர் கோத்து, சின்னப் பூச்சிகள் அதில் ஒட்டிச் செத்துவிடும். முதல் இரவு பல்பு போடாமல் திறந்து வைத்து, மறுநாள் குறைந்த வாட்டில் ஆரம்பித்து, மூன்று நாள் ஓட்டுங்கள். சருகை எடை போட்டு எழுத மறக்காதீர்கள். புயலுக்குப் பிறகு அதே சட்டத்துக்குள் முன்பைவிடப் பல மடங்கு சருகு இருக்கும். சதுர மீட்டருக்கு எத்தனை, ஒரு கிலோ சருகுக்கு எத்தனை என்று இரண்டு கணக்கும் போட்டால், ஒன்று ஏறியதாகவும் மற்றது இறங்கியதாகவும் காட்டும். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

குழிப்பொறி மலிவானது என்பதால் எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்கள், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். 8 சென்டிமீட்டர் வாயும் 10 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள இரண்டு பிளாஸ்டிக் டம்ளரை ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைக்கவும். உள் டம்ளரை மட்டும் தூக்கி எடுக்கலாம், குழி இடியாது. விளிம்பு மண்ணோடு சமமாகவோ ஒரு மயிரிழை தாழ்ந்தோ இருக்க வேண்டும். மேலே நின்றால் எறும்பு சுற்றிக்கொண்டு போய்விடும். டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கு, புரொப்பிலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கிடைக்காவிட்டால் உப்பு இனிக் கரையாது என்கிற அளவுக்கு உப்புத் தண்ணீர். வாசனையில்லாத பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு. காருக்கு ஊற்றும் சாதாரண கூலண்டில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைகால். அது இனிக்கும், நஞ்சு. கீரியும் நாயும் குடித்துவிடும், வேண்டவே வேண்டாம். பொறிக்குப் பொறி 10 மீட்டர் இடைவெளி. தோண்டிய முதல் நாள் மண் கிளறிய வாசனைக்கே எறும்புகள் வந்து விழும். ஆகையால் முதல் 24 மணி நேரம் மூடி வைத்துவிட்டு, அடுத்த 72 மணி நேரத்தைக் கணக்கில் எடுங்கள்.

மழைக்காலச் சென்னையில் இதற்கு மூன்று எதிரிகள். முதலாவது, மேலிருந்து மழை: விளிம்புக்கு 3, 4 சென்டிமீட்டர் மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டை ஆணிக்கால் மீது நிறுத்தவும், விளிம்புக்கு 2 சென்டிமீட்டர் கீழே டம்ளரில் இரண்டு துளை போட்டு மெல்லிய வலை ஒட்டினால், தண்ணீர் நிரம்பினாலும் பூச்சி வெளியே போகாது. இரண்டாவது, நிலத்தடி நீர் ஏறிவந்து டம்ளரைக் குழியிலிருந்து மேலே தள்ளிவிடும். களிமண் பகுதிகளில் இது வழக்கம். வெளி டம்ளரின் ஓரத்தில் துளை போட்டு 'ப' வடிவக் கம்பியால் மண்ணில் தைத்துவிடுங்கள், அல்லது மேட்டைத் தேடி வையுங்கள். மூன்றாவது, மானும் குரங்கும்: கோழிவலைத் துண்டை மேலே கவிழ்த்து நான்கு மூலையிலும் கம்பி அடிக்க வேண்டும்.

இத்தனை செய்தும், பொறியில் விழுந்தது நடமாட்டத்தின் அளவே தவிர எண்ணிக்கையின் அளவு அல்ல. தடித்த சருகில் வண்டு மெதுவாக நடக்கும், குறைவாக விழும். வெறும் மண்ணில் விறுவிறுவென்று நடக்கும், அதிகம் விழும். தரைச் சூடு ஏறினாலும் எறும்பு வேகமாக ஓடும். புயலுக்குப் பின் திறந்த இடத்தில் எறும்பு 'பெருகியது' என்று வரும் கணக்கில் பெரும்பங்கு இந்த ஓட்டம்தான். சரிபார்க்க, ஒவ்வொரு பொறிக்கும் பக்கத்தில் சருகின் ஆழத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். சருகுப் புனல் கணக்கோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே பக்கம் போனால் மட்டும் நம்பலாம்.

விளக்குப் பொறி, அதாவது இரவில் துணி கட்டி விளக்கைப் போட்டு வந்து உட்காரும் பூச்சியை எண்ணுவது, இன்னும் மோசம். அடர்ந்த காட்டில் விளக்கின் வெளிச்சம் இருபது, முப்பது மீட்டருக்குள் அடங்கிவிடும்; கூரையும் புதரும் விழுந்த இடத்தில் அதே விளக்கு எங்கோ இருக்கிற அந்துப்பூச்சிக்கும் தெரியும். போதாக்குறைக்கு, வர்தாவுக்குப் பிறகு நடந்ததுபோல் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாவிட்டால், தெருவிளக்கெல்லாம் அணைந்த ஊரில் உங்கள் விளக்கு ஒன்றுதான் எரியும். கூட்டம் வராமல் என்ன செய்யும்? கரண்டு வந்த மறுநாள் எண்ணிக்கை விழுந்தால் அதைப் பூச்சி அழிந்ததாக எழுதக் கூடாது. துணியின் பின்பக்கமும் இரு ஓரமும் கறுப்புத் துணி கட்டி வெளிச்சத்தை ஒரு திசைக்கு மட்டும் விடுங்கள். மாலை 7 முதல் 10 வரை என்று நேரத்தைக் கட்டிவிடுங்கள். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் வேண்டாம். எண்ணிக்கையை ஒப்பிடுவதைவிட, மொத்தத்தில் எந்தக் குடும்பம் எத்தனை பங்கு என்று ஒப்பிடுவது பாதுகாப்பானது.

ஜனவரி, பிப்ரவரியில் கதை மாறும். மொட்டையான மரங்களெல்லாம் ஒரே நேரத்தில் துளிர்க்கின்றன. இளந்துளிர் மெல்லியது, தழைச்சத்து அதிகம். புழுக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். பியூர்ட்டோ ரிக்கோவை 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் தாக்கிய பிறகு அடுத்த சில மாதங்களில் 15 வகை அந்து, பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் வெடித்துப் பெருகியது பதிவாகியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை, வெளிச்சம் இறங்கிய இடத்தில் முளைத்த முன்னோடிச் செடிகளைத் தின்றவை. இப்படிப் பெருகும் புழுக்களைக் கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிக் குளவிகள் வழக்கமாகச் சற்றுப் பின்னால்தான் வரும். அவை எட்டிப்பிடிக்கும் வரை இலை சல்லடையாகத்தான் இருக்கும். இந்த நேரத்தில் மருந்தடித்தால் முதலில் சாவது, இனிமேல்தான் பெருக வேண்டிய குளவிகள்.

துளிரில் புழு பார்க்கச் சுலபமான வழி கிளைத் தட்டு. ஒரு மீட்டர் சதுர வெள்ளைத் துணியைக் குறுக்குக் குச்சியில் விரித்து, கிளைக்குக் கீழே பிடித்து, தடியால் ஐந்து தட்டு. அதற்கு மேல் வேண்டாம், கிளை முறியும். காலை 9 மணிக்குள் செய்தால் பூச்சி பறந்து தப்பாது. கிளையில் எத்தனை துளிர்க் கொத்து என்று கூடவே எண்ணிக்கொள்ளுங்கள். கிடைத்த புழுக்களில் சிலவற்றை அதே செடியின் இலையோடு காற்றுத்துளை போட்ட டப்பாவில் வளர்த்தால், பட்டாம்பூச்சி வருகிறதா, குளவி வருகிறதா என்று தெரியும். டப்பாவில் டிஷ்யூ பேப்பர் போடுங்கள். இல்லையென்றால் எச்சத்தின் ஈரத்தில் பூசணம் பிடித்துப் புழு செத்துவிடும். குருந்தில் அழகிப் பட்டாம்பூச்சிகளின் புழு, ஆதொண்டையில் வெள்ளையன் வகைகளின் புழு, சரக்கொன்றையில் கொன்றை வெள்ளையன்களின் புழு என்று செடியை வைத்தே எதைத் தேட வேண்டும் எனத் தெரியும்.

மரம் விழுந்த இடைவெளியில் உண்ணிச்செடி படர்ந்து பூத்ததும் பட்டாம்பூச்சிகள் குவியும். படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கே வருவது தேன் குடிக்க, முட்டையிட அல்ல. பறக்கிற பட்டாம்பூச்சியை எண்ணி 'இந்த இடம் மீண்டுவிட்டது' என்று முடிவு கட்டாமல், புழு எந்தச் செடியில் இருக்கிறது என்று பாருங்கள். உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் இடைவெளியை மூடிவிட்டால் குருந்தும் ஆதொண்டையும் அங்கே முளைத்து எழுவது கஷ்டம். முதல் ஆண்டிலேயே, வேர் பிடிக்குமுன், மழை ஈரத்தில் கையால் பிடுங்கிவிட வேண்டும்.

விழுந்த மரம்தான் இந்த விஷயத்தின் நடுநாயகம். ஒரு மரத்துண்டில் யார் எப்போது வருகிறார்கள் என்பதைத் துளையையும் தூளையும் வைத்தே படிக்கலாம். முதலில் பட்டை வண்டும் அம்புரோசியா வண்டும்: மரம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே வரும். துளை ஊசி நுழைகிற அளவு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர். செங்காவித் தூள் கொட்டினால் பட்டைக்கு அடியில் மேய்கிறது. வெள்ளைத் தூள், சில சமயம் இடியாப்ப இழை போல நீட்டிக்கொண்டு வந்தால் அம்புரோசியா வண்டு உள்மரத்தைத் துளைக்கிறது. அது மரத்தைத் தின்பதில்லை. தான் கொண்டுவந்த பூஞ்சையைச் சுரங்கத்தில் வளர்த்து அதைத் தின்கிறது. மரம் காய்ந்தால் பூஞ்சை செத்துப்போகும், வண்டும் காலி. நீள்கொம்பு வண்டின் புழு பட்டைக்கு அடியில் மாதக்கணக்கில் இருக்கும். வெளியேறும் துளை நீள்வட்டமாக, விரல் நுனி நுழைகிற அளவுகூட இருக்கும். பட்டையில் காதை வைத்தால் சில நேரம் கரகரவென்று கடிக்கும் சத்தம் கேட்கும். கட்டை காய்ந்து இறுகிய பிறகு, கருநீல இறக்கைத் தச்சுத்தேனீ கச்சிதமான வட்டத் துளை போட்டுக் குடிவரும். ஈரமுள்ள அடிப்பக்கம் கறையானுக்கு.

துண்டுகளுக்கு அலுமினியத் தகட்டில் எண் அடித்து ஆணியடியுங்கள். மரத்தின் பெயர், விட்டம், தரையைத் தொடுகிறதா, வெயிலா நிழலா என்ற நான்கையும் எழுதுங்கள். வெயிலில் கிடக்கும் கட்டைக்கும் நிழலில் கிடக்கும் கட்டைக்கும் வரும் வண்டுகள் வேறு வேறு. பட்டையை உரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு முறை உரித்தால் அந்தத் துண்டின் கதை முடிந்தது. உரித்துப் பார்ப்பதற்கென்றே தனியாகச் சில துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள்.

வேரோடு சாய்ந்த மரத்தைச் சுற்றி வந்து, தூக்கிக்கொண்டு நிற்கும் வேர்த்தட்டின் அடியில் குனிந்து பாருங்கள். மழை படாத அந்தப் பொடிமண்ணில் குழிநரிப் பூச்சிகள் சின்னச் சின்னப் புனல்களாகக் குழி பறித்திருக்கும். ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தால் போதும், அடியிலிருந்து மண்ணை வீசி அடித்துச் சரித்துவிடும். வேர்த்தட்டின் செங்குத்து மண்சுவரில் தனித்தேனீக்களும் குளவிகளும் துளையிடும். பக்கத்துக் குழியில் நீர் தேங்கும். முதலில் கொசுப்புழு, பிறகு அதைத் தின்னும் தட்டான் இளம்பருவம். குடியிருப்பை ஒட்டிய குழியென்றால் மண் போட்டு மூடத்தான் வேண்டும், அதில் வாதம் இல்லை. காட்டுக்கு உள்ளே இருப்பதை மூடாதீர்கள்.

ஆனால் சென்னையில் இதெல்லாம் நடக்க விடுகிறோமா? புயல் அடித்த வாரத்திலேயே ரம்பமும் லாரியும் வந்துவிடும். சாலையை மறித்தது, மின்கம்பியில் கிடப்பது, கட்டடத்தில் சாய்ந்தது எல்லாம் போக வேண்டியவைதான். உள்ளே கிடப்பதையும் 'சுத்தம்' என்ற பெயரில் ஏற்றி அனுப்பும்போதுதான் நஷ்டம். வளாக அலுவலகத்திடம் கேட்கும்போது பொதுவாக 'பல்லுயிர்' என்று பேசினால் காது கொடுக்க மாட்டார்கள். 20 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள கட்டைகள் மட்டும், பாதையிலிருந்து 10 மீட்டர் உள்ளே, நிழலில், தரையோடு தரையாக என்று அளவோடு கேளுங்கள்; ஒத்துக்கொள்வார்கள். சுள்ளியையும் இலையையும் தீ பயத்துக்காக அகற்றச் சொன்னால் விட்டுக்கொடுக்கலாம். தடித்த கட்டைதான் முக்கியம்.

இதில் தென்னைக்கு மட்டும் விதிவிலக்கு. செத்து மக்கும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டின் நாற்றங்கால். காயம்பட்டு நிற்கும் தென்னையின் புளித்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். விழுந்த தென்னையை நீளவாக்கில் பிளந்து வெயிலில் காயப்போடுங்கள், அல்லது அப்புறப்படுத்துங்கள். மரத்தூளாக அரைத்துக் குவித்து வைப்பதும் ஆபத்து. சில மாதத்தில் அந்தக் குவியலே வண்டுப் பண்ணையாகும். தூளை 10 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காமல் பரப்பிவிட வேண்டும். குவியல் இருந்தே ஆக வேண்டுமென்றால் மாதம் ஒரு முறை கிளறி, 'C' மாதிரிச் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்குங்கள். எல்லாவற்றையும் நசுக்கிவிடாதீர்கள். ஒரு புழுவை எடுத்துச் சமதரையில் விடுங்கள். மல்லாந்து படுத்து முதுகால் ஊர்ந்து போனால் அது பூ வண்டின் புழு, மக்கை உரமாக்கும் வேலைக்காரன், திருப்பிக் குவியலிலேயே போடலாம். பக்கவாட்டில் தத்தளித்தால் காண்டாமிருக வண்டாக இருக்கலாம். குவியலில், வண்டுப் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலக்கலாம். வளர்ந்த வண்டுக்கு, ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பானையில் வைப்பது தென்னந்தோப்புக்காரர்களின் பழைய முறை, இங்கேயும் பலிக்கும்.

மழைப் புயலுக்கு இவ்வளவு விரிவான வேலை இல்லை. நீர் எத்தனை நாள் நின்றது என்பதுதான் கேள்வி. ஒரு நாளா ஒரு வாரமா என்பதில் மண்வாழ் பூச்சிகளின் தலையெழுத்தே இருக்கிறது. மரத்தண்டில் நீர்மட்டத்தின் கறை மறையுமுன் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்துவிடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள மேட்டையும் கீழே உள்ள பள்ளத்தையும் ஒப்பிட்டால் போதும். பள்ளத்தில் எந்த எறும்பு முதலில் திரும்புகிறது என்பது கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் எங்கும் பிழைக்கிற வகைகள்தான் முதலில் வரும்; காட்டை மட்டுமே நம்பியவை கடைசியில்.

கிண்டிப் பூங்காவுக்குள்ளோ காப்புக்காட்டிலோ பொறி வைக்க வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், பூச்சிதானே என்று போய்விட முடியாது. கல்லூரி வளாகங்களில் நிர்வாகத்தின் கடிதம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கை, பூட்ஸ், கையுறை கட்டாயம். சருகுக்குள் பாம்பு இருக்கும், சாய்ந்த மரம் திடீரென்று புரளும். சருகில் உட்கார வேண்டாம். உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் சிறு உண்ணிகள் அங்கேதான் காத்திருக்கும். தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். களப்பணிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், உடம்பில் சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் தேடிப் பாருங்கள்; காட்டில் சருகு கிளறினேன், வெள்ளத்தில் நின்றேன் என்பதை டாக்டர் கேட்காமலேயே சொல்லுங்கள்.